வெள்ளிக்கிழமை ஏழு மணி

எங்கள் குடியிருப்பில் வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணி ஒருவருக்குக் கிடைக்க வேண்டுமானால் இன்னொருவர் சாக வேண்டும். இல்லையென்றால் ஸ்பெயினுக்குக் குடிபோக வேண்டும். எனக்கு முன்னால் அதை வைத்திருந்த ஒஸ்மோ நல்ல மனிதர், இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். அவர் மலாகாவுக்கு விமானம் ஏறிய வாரம், பதினோரு வருடமாக வரிசையில் காத்திருந்த எனக்கு, கீழ்த்தளத்துப் பொதுச் சவுனாவில், அதாவது நீராவிக் குளியல் அறையில், வெள்ளி ஏழு மணி முறை வந்து சேர்ந்தது. முனைவர் பட்டம் வாங்கிய அன்றுகூட நான் அப்படித் துள்ளவில்லை.

சூடேறிய கல்லடுப்பு, மரப்பலகை, ஒரு வாளித் தண்ணீர், நான். அவ்வளவுதான். கல்லில் ஒரு கரண்டி ஊற்றினால் ஆவி எழுந்து முதுகில் ஏறும். அந்த ஒரு மணி நேரம் யாரும் என்னை எதுவும் கேட்கமாட்டார்கள். மகள் கேட்கமாட்டாள், முன்னாள் கணவர் கேட்கமாட்டார், ஐந்து நாட்டிலிருந்து மின்னஞ்சல் அனுப்பும் கூட்டாளிகள் கேட்கமாட்டார்கள். செவ்வாய்க்கிழமை சவுனாவும் சவுனாதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வாரம் முடிந்துவிட்டது, இனி கையை மடக்கி உட்கார் என்று உடம்புக்குச் சொல்ல வெள்ளிக்கிழமைக்குத்தான் தெரியும்.

நான் வட ஐரோப்பாவில், தாம்பெரே நகரத்தில் ஒரு சுற்றுச்சூழல் கொள்கை ஆய்வு நிலையத்தில் வேலை செய்கிறேன். பெயர் சிர்க்கா. எங்கள் திட்டம் இதுதான்: ஐந்து நாடுகளில் நாட்டுக்கு ஓர் அடுக்குமாடி வீட்டை எடுத்துக்கொண்டு, மின்சாரமும் தண்ணீரும் எவ்வளவு போகிறது என்று முதல் கட்டத்தில் அளப்பது, பழக்கத்தை மாற்றினால் எவ்வளவு குறைகிறது என்று இரண்டாம் கட்டத்தில் அவற்றில் ஒரு வீட்டில் சோதித்துப் பார்ப்பது. கடைசியில் பிரஸ்ஸல்ஸில் போய், ஐரோப்பா முழுவதும் என்ன செய்யலாம் என்று சொல்வது. தாம்பெரேயில் ஒரு வீடும் சம்மதிக்கவில்லை. குழாயில் மீட்டர் மாட்ட வந்தவரை ஒரு கிழவர் பனி தள்ளும் மண்வெட்டியோடு துரத்தினார். "ஊருக்கு உபதேசம் பண்றவ உன் வீட்டுலயே ஆரம்பியேன்" என்றார் இயக்குநர். அப்படித்தான் நான் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டில் மீட்டர்கள் ஏறின.

எங்கள் வீட்டில் மின்சாரமும் வெந்நீரும் எங்கே போகிறது என்பது மீட்டர் இல்லாமலே தெரியும். தினமும் சாயங்காலம் சவுனா அடுப்பு எரிகிறது. வெள்ளி, சனியில் ஆள் மாற்றி ஆள் வருவதால் பரவாயில்லை. மற்ற நாட்களில் ஒரே ஒருவருக்காக அந்த ராட்சச அடுப்பு சூடாகி, ஒருவர் வேர்த்து முடித்ததும் அணைகிறது. இதற்கு மருந்தும் தெரிந்ததுதான். தனி முறைகளை எல்லாம் எடுத்துவிட்டு, வாரத்தில் இரண்டே நாள், பெண்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு வேளை, ஆண்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு வேளை. இரண்டாம் கட்டத்தில் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று திட்டத்தில் எழுதியதே நான்தான். எழுதும்போது என்னிடம் வெள்ளி ஏழு மணி இல்லை.

இந்த நிலையில்தான் பிப்ரவரி மாதத்துக் காணொலிக் கூட்டம் வந்தது. ஐந்து நாட்டு எண்களையும் வாங்கி ஒரே அச்சில் வார்க்கும் பொறுப்பு பொலோஞ்ஞாவில் இருக்கும் ஒத்தாவியோவுடையது. கெட்டிக்காரர், கழுத்தில் எப்போதும் ஒரு சால்வை, கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் சிரித்துவிடுவார். அன்று ஒரு வரைபடத்தைத் திரையில் போட்டார். ஐந்து தூண்கள். ஆகக் குட்டையான தூணுக்குக் கீழே தாம்பெரே என்று எழுதியிருந்தது.

"சிர்க்கா, வாழ்த்துக்கள்! ஐரோப்பாவுக்கே உங்க வீடுதான் மாதிரி வீடு!"

"எங்க வீடா?"

"உங்க வீடேதான். இரண்டாம் கட்டம் உங்களுக்கு எதுக்கு? நாங்கல்லாம் எங்க போய்ச் சேரணுமோ அங்க நீங்க ஏற்கெனவே கால் நீட்டி உக்காந்திருக்கீங்க. அந்தச் சோதனையை டெல்ஃப்ட் வீட்டுக்குக் குடுத்துடலாம்."

டெல்ஃப்ட்டிலிருந்து பேசிய பெண் முகத்தைச் சுளித்தாள். நான் தூண்களுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டு மாலை நேர மின்சாரக் கோட்டைப் பார்த்தேன். உறைந்த ஏரிபோலத் தட்டையாக இருந்தது. விஷயம் ஒரு நொடியில் புரிந்தது. சராசரியைப்போல மூன்று மடங்குக்கு மேல் போகும் எந்த எண்ணும் மீட்டர் கோளாறு, அதை நீக்கிவிடு என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு விதி வைத்திருந்தோம். பொலோஞ்ஞாவில் எந்த மனிதனும் நாள் தவறாமல் சாயங்காலம் கல்லைக் காய்ச்சமாட்டான். ஆகவே கணினி எங்கள் சவுனாவைத் துடைத்து எறிந்துவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர்கள் பூசணிக்காயைத் தூக்கி எறிந்துவிட்டு, இலை எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று வியந்துகொண்டிருந்தார்கள்.

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன். "நன்றி" என்று சொல்லி மூடினேன். என் வெள்ளி ஏழு மணி பிழைத்துவிட்டது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது, அதை எடுத்து ஏன் சேற்றில் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் சவுனாவில் கல்லில் தண்ணீர் ஊற்றினேன். ஆவி வழக்கம்போல் எழுந்தது, வழக்கம்போல் முதுகில் ஏறியது. கணக்கில் இல்லாத ஆவி. எழுந்து வந்துவிட்டேன், மணி ஏழரைகூட ஆகவில்லை.

மறுநாள் ஒத்தாவியோ எழுதியிருந்தார். பிரஸ்ஸல்ஸில் பேசுவதற்கு முன் மாதிரி வீட்டை நேரில் பார்க்க வேண்டுமாம். மார்ச் முதல் வெள்ளிக்கிழமை வருகிறாராம்.

எங்கள் வீட்டு நிர்வாகக் குழுவின் தலைவர் கலெர்வோ, காகித ஆலையில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். செய்தி கேட்டதும் மாடிப்படி முழுவதையும் தேய்த்துக் கழுவ வைத்தார். "ஐரோப்பாவுலயே முதல் வீடு! பக்கத்துத் தெருக்காரன் மூஞ்சியைப் பார்க்கணும்" என்று எல்லாக் கதவிலும் தட்டிச் சொன்னார்.

எதிர்வீட்டு இர்மெலிக்கு மட்டும் இதில் சுவாரஸ்யம் இல்லை. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். அவள் முறை செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமைக்கான வரிசையில் எனக்கு அடுத்த ஆள் அவள்தான். ஒஸ்மோ போனபோது ஒரே ஓர் இட வித்தியாசத்தில் தவறவிட்டாள். அதை மன்னிக்கவே இல்லை. படியில் பார்க்கும்போதெல்லாம் விசாரிப்பாள்: "என்ன டாக்டரம்மா, உடம்பெல்லாம் எப்படி இருக்கு? ஸ்பெயின் பக்கம் போற யோசனை ஏதாச்சும் உண்டா?"

ஒத்தாவியோ வந்தார். ரயில் நிலைய வாசலிலேயே பனிக்கட்டியில் ஒரு முறை வழுக்கி விழுந்தார். சந்தையில் குடலில் ரத்தம் அடைத்துச் செய்யும் சாசேஜை லிங்கன்பெர்ரிப் பழ ஜாமோடு சாப்பிட்டுவிட்டு, அதில் என்ன இருக்கிறது என்று பிறகு கேட்டார். வீட்டில் கலெர்வோ அவருக்கு மாடிப்படி விளக்குகளைக் காட்டினார், துணி துவைக்கும் அறையைக் காட்டினார், குப்பைத் தொட்டிகளின் வரிசையைக் காட்டினார். கலெர்வோவுக்கு ஆங்கிலம் வராது; நான்தான் மொழிபெயர்ப்பு. கீழ்த்தளத்துப் பக்கம் கால் வைக்கவிடாமல் இருவரையும் மேய்த்துக்கொண்டு, ஆறு மணிக்கு நைசாக இரண்டு மொழியிலும் ஆரம்பித்தேன்.

"சரி, பசிக்கும். ஏரிக்கரையில ஒரு சாப்பாட்டுக் கடையில இடம் சொல்லி வச்சிருக்கேன்."

கலெர்வோ என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. "விருந்தாளியை சவுனாவுல உக்கார வைக்காம சோத்துக்கு அனுப்புறியா? எங்கப்பா குழியிலேர்ந்து எந்திரிச்சு வந்து உதைப்பாரு. இன்னைக்கு ஏழு மணி யார் முறை?" பிறகு தொடையில் தட்டிக்கொண்டார். "அட, உன்னோடதுதானே! ரொம்ப நல்லதாப் போச்சு."

ஆண்கள் இருவரும் உள்ளே போனார்கள். நான் முற்றத்துப் பெஞ்சில், பனிக்கு நடுவில், சாசேஜ் சுடும் அடுப்போடு உட்கார்ந்திருந்தேன். சின்ன ஜன்னல் வழியாக கலெர்வோவின் கரண்டிச் சத்தமும், ஒத்தாவியோ இத்தாலிய மொழியில் தெய்வங்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவதும் கேட்டது. பத்து நிமிடத்தில் ஓடிவிடுவார் என்று நம்பினேன். இடுப்பில் துண்டோடு வெளியே வந்து, தோளிலிருந்து ஆவி பறக்கப் பனியில் நின்று, "கடவுளே" என்றார். மறுபடி உள்ளே போனார். பிறகு இன்னொரு தடவையும் போனார். எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

கடைசியில் இருவரும் முற்றத்தில் வந்து உட்கார்ந்து பீரைத் திறந்தார்கள். ஒத்தாவியோ, வேக வைத்த நண்டின் நிறத்தில், குழந்தைபோலச் சிரித்துக்கொண்டிருந்தார். ஆனால் ஆராய்ச்சிக்காரன் புத்தி துண்டு கட்டிக்கொண்டாலும் போகுமா?

"சிர்க்கா, அவர்கிட்ட கேளுங்க. அந்த அடுப்பு எவ்வளவு மின்சாரம் இழுக்கும்?"

கேட்டேன். கலெர்வோ நெஞ்சை நிமிர்த்தினார். "பதினெட்டு கிலோவாட்! நானே மாட்டினது."

"பதினெட்டு" என்று மொழிபெயர்த்தேன்.

ஒத்தாவியோ விசில் அடித்தார். "நல்லவேளை, வருஷத்துக்கு ஒரு தடவைதான் இருக்கும். கிறிஸ்துமஸுக்கா?"

இதையும் மொழிபெயர்த்தேன். கலெர்வோவுக்குச் சிரிப்பில் பீர் மூக்கில் ஏறியது. "கிறிஸ்துமஸுக்கா? இவனுக்கு என்ன பைத்தியமா? தினமும் சாயங்காலம்னு சொல்லு!"

இருவரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு இன்னொருவர் பாஷை தெரியாது. நான் என்ன சொல்கிறேனோ அதுதான் அங்கே உண்மை. எங்கள் ஊரில், யாரும் கேட்காதவரை சும்மா இருப்பதைப் பொய் என்று சொல்லமாட்டோம். அந்தச் சலுகையில்தான் இத்தனை நாள் ஓட்டினேன். நேராகக் கேட்டுவிட்டால் வழியே கிடையாது.

"தினமும்" என்றேன்.

ஒத்தாவியோவின் சிரிப்பு மெதுவாக நின்றது. மனதுக்குள் அவர் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. "அப்போ அந்த மீட்டர் கெட்டுப் போகவே இல்ல."

"இல்ல."

"நான் அழிச்சதெல்லாம்..."

"எங்க சவுனா."

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"நீங்க படத்தைப் போட்ட அன்னைக்கே."

"ஏன் சொல்லல?"

"சொன்னா இரண்டாம் கட்டம் இங்க வந்துடும். இந்த ஏழு மணி என் கையைவிட்டுப் போயிடும். பதினோரு வருஷம் காத்திருந்து வாங்கினது."

கலெர்வோ எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சாசேஜைத் திருப்பிப் போட்டார். ஒத்தாவியோ கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சவுனா ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். காதலியைப் பார்ப்பதுபோல என்றே சொல்ல வேண்டும்.

"சிர்க்கா, ஒண்ணு சொல்றேன். விதி நம்ம எல்லாரும் சேர்ந்து வச்சது. நான் விதிப்படிதான் நீக்கினேன். பிரஸ்ஸல்ஸ்ல யாரும் சவுனாவைப் பத்திக் கேக்கப்போறதில்ல. இப்படி ஒரு இடத்தை ஆராய்ச்சிக்குப் பலி குடுக்கிறது பாவம். நீங்க சும்மா இருங்க. நானும் சும்மா இருக்கேன்."

நான் வேண்டியது தட்டில் வைத்து நீட்டப்பட்டது. எனக்கு ஆத்திரம் வந்தது. நான் தனியாகச் சும்மா இருந்தவரை அது என் சின்னச் சபலமாகத்தான் இருந்தது. இன்னொருவர் என்னோடு சேர்ந்து சும்மா இருக்கத் தயார் என்றதும், அது எவ்வளவு அசிங்கம் என்று தெரிந்தது. வடக்கில் வீடுகள் எல்லாம் சிக்கனத்தின் சிகரம், அங்கே யாரும் ஒன்றும் மாற்ற வேண்டாம் என்று இவர் போய்ச் சொல்வார். நான் பக்கத்தில் நின்று தலையாட்ட வேண்டும்.

"வேண்டாம். நாளைக்குக் காலையில உக்காந்து திருத்திடுவோம்."

"நல்லா யோசிச்சுட்டீங்களா?"

"யோசிச்சா மாத்திடுவேன். அதனாலதான் யோசிக்கல."

திருத்தினோம். ஐந்து தூண்களில் குட்டையாக இருந்த தாம்பெரே ஒரே நாளில் எல்லோரையும்விட உயரமாக வளர்ந்தது. டெல்ஃப்ட் பெண் சிரித்த சிரிப்பில் திரையைவிட்டே காணாமல் போனாள். இரண்டாம் கட்டம் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது. ஐரோப்பாவில் முதல் வீடு என்று தெருவெல்லாம் சொல்லி வைத்த கலெர்வோ ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஏப்ரலில் வீட்டின் வருடாந்தரக் கூட்டம். காபி, ஏலக்காய் ரொட்டி, கதகதப்பான அறை. நான் எழுந்து நின்று எல்லாவற்றையும் விளக்கினேன்: வாரத்தில் இரண்டே நாள், சேர்ந்து சவுனா, பாதிக்கு மேல் மின்சாரம் மிச்சம். யாரும் அசையவில்லை. சும்மா சொன்னால் போதாது, செய்து காட்ட வேண்டும் என்று எனக்குள் ஒரு வீராங்கனை கிளம்பினாள்.

"முதல் ஆளா நான் என் வெள்ளி ஏழு மணியை விட்டுக்குடுக்கிறேன்!"

கைதட்டல் வரும் என்று நின்றேன். கரண்டி காபியைக் கலக்கும் சத்தம்தான் வந்தது. இரண்டாம் மாடியில் புதிதாகக் குடிவந்த இளம் தகப்பன் கையைத் தூக்கினான். "பக்கத்து வீட்டுக்காரங்களோட சேர்ந்து உக்காந்து வேர்க்கணுமா? லிஃப்டுல வந்தாலே நாங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்கிறதில்லையே!" எல்லோரும் பலமாகத் தலையாட்டினார்கள். வாக்கெடுப்பில் ஆதரவாக இரண்டு கைகள் எழுந்தன. ஒன்று என்னுடையது. மற்றது, சவுனாவே பிடிக்காத ஒரு ஸ்வீடன்காரருடையது.

நான் உட்கார்ந்தேன். கலெர்வோ தொண்டையைச் செருமினார். "அடுத்தது. காலியா இருக்கிற வெள்ளி ஏழு மணி."

"எது காலி?"

"நீதானே இப்ப விட்டுக்குடுத்தே."

"எல்லாரும் விட்டாத்தானே நானும்..."

"அப்படி ஒண்ணும் சொல்லலையே. கூட்டத்துல எந்திரிச்சு நின்னு சொன்ன வார்த்தை. வரிசையில அடுத்தது இர்மெலி. இர்மெலி, சம்மதமா?"

இர்மெலி வாயில் ரொட்டி இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினாள். நான் சண்டை போட்டிருக்கலாம். ஆனால் எங்கள் ஊரில் வரிசை என்றால் வரிசைதான். அதில் நின்றுதான் நானும் வாங்கினேன். என் பெயர் வரிசையின் கடைசிக்குப் போனது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று செய்திருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை உருளைக்கிழங்கு வேக வைத்துக்கொண்டிருந்தேன். ஏழு மணி நெருங்க நெருங்க அழுகை வந்தது. ஐம்பத்தாறு வயதுக்காரி சவுனாவுக்காக அழுவது வெட்கக்கேடுதான், ஆனாலும் அழுதேன். அப்போது அழைப்பு மணி அடித்தது. வாசலில் இர்மெலி, தோளில் துண்டு, கையில் வாளி.

"என்ன டாக்டரம்மா, இன்னும் துண்டை எடுக்கலையா?"

"நான் எதுக்கு? உன் முறை."

"எனக்கு ரத்த அழுத்தம். தனியா சவுனாவுக்குள்ள போகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லி ஆறு வருஷமாச்சு."

"அப்போ செவ்வாய்க்கிழமையெல்லாம் என்ன பண்ணினே?"

இர்மெலி என் கண்ணைப் பார்க்காமல் வாளியைப் பார்த்தாள். "அடுப்பைப் பத்த வச்சுட்டு வெளி அறையில உக்காந்திருப்பேன். நேரம் ஆனதும் காலைக் கழுவிட்டு வந்துடுவேன்."

"உள்ள போகாமலே?"

"பத்த வைக்கலேன்னா கலெர்வோ முறையைப் பிடுங்கிடுவான். முறை போனா வெள்ளிக்கிழமை வரிசையும் போயிடும். வெள்ளிக்கிழமைன்னாத்தான் யாராச்சும் துணைக்கு வருவாங்க. செவ்வாய்க்கிழமை எவ வருவா?"

ஆறு வருடம். செவ்வாய்க்கிழமைதோறும் பதினெட்டு கிலோவாட், யாரும் உட்காராத பலகைக்காக. எங்கள் மீட்டர்கள் அதையும் ஒழுங்காக அளந்து, ஒருவர் குளித்தார் என்று எழுதி வைத்திருந்தன.

"செவ்வாய்க்கிழமையை இப்ப என்ன பண்ணினே?"

"விட்டுட்டேன். யாரும் கேக்கல. அடுப்பு சும்மா கிடக்கு." துண்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "வர்றியா இல்லையா? நேரம் ஓடுது."

உருளைக்கிழங்கு அடுப்பை அணைத்துவிட்டுப் போனேன். இர்மெலி மேல் பலகையில் ஏறி உட்கார்ந்து, கருணையே இல்லாமல் கரண்டி கரண்டியாக ஊற்றினாள். உட்கார்ந்த நொடியிலிருந்து பேச ஆரம்பித்தாள். என் சம்பளம் எவ்வளவு என்று கேட்டாள், மகள் ஏன் கல்யாணம் செய்யவில்லை என்று கேட்டாள், முன்னாள் கணவர் யாரோடு இருக்கிறார் என்று கேட்டாள். என் அமைதியான ஒரு மணி நேரம் அன்றோடு செத்தது. நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடி, முதுகைச் சுவரில் சாய்த்து, வேர்வையும் கண்ணீரும் எது எதுவென்று தெரியாமல் வழிய உட்கார்ந்திருந்தாள்.

"ஆறு வருஷம்" என்றாள், கண்ணைத் திறக்காமல். "இன்னும் கொஞ்சம் ஊத்து, சிர்க்கா."

நான் கரண்டியை எடுத்து ஊற்றினேன்.